செய்முறைத் தட்டில் சிவப்புக் கார்டு

அந்த வீடியோவை அமத்துங்க சார். உசிலம்பட்டில நான் ஏறுனதுலேருந்து அதேதான் ஓடுது. பச்சையா செவப்பா, பச்சையா செவப்பான்னு அந்தப் பய கத்துறது டிரைவர் வரைக்கும் கேக்குது. என்ன, பையனுக்கு லேப்டாப் வாங்கணுமா? கட்டடப் படிப்பா? நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கணும்னு காலேஜ்ல சொல்லிவிட்டாய்ங்களா? அதுக்கு எதுக்கு சார் வீடியோ? பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்ல, எங்கிட்ட கேளுங்க. ஒரே வார்த்தை. பச்சை. முடிஞ்சுபோச்சு.

கம்பெனி பேரு வேண்டாம். பஸ்ஸுல எவன் எந்தக் கட்சியோ, யாரு கண்டா? எங்க தொழில்ல பேரே சொல்றதில்ல, பெட்டியோட நெறந்தான். பச்சைப் பெட்டி, செவப்புப் பெட்டி. நமக்கு கல்யாண வீடியோ சார். எடுக்குறது, வெட்டி ஒட்டுறது, பாட்டுப் போடுறது எல்லாம் நம்ம ஸ்டுடியோதான். உசிலம்பட்டில போய் வேல்ச்சாமி ஸ்டுடியோன்னு கேளுங்க, சின்னப் பிள்ளையும் வழி சொல்லும்.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பான்னு கேட்டா நான் டெஸ்க்டாப்தான் சொல்லுவேன். லேப்டாப்புல கார்டு உள்ளயே ஒட்டி வந்துரும். பிடிக்கலைன்னா கழட்டவும் முடியாது, கழட்டிக் கொண்டுபோய் வித்தவன் தட்டுல வைக்கவும் முடியாது. நான் வச்சேன். வரேன், வரேன், அந்தக் கதைக்குத்தான் வரேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மடியில பை இருக்கு, பழம் நசுங்கிரும்.

எனக்கு ஒரு மச்சினன் இருக்கான். எம் பொண்டாட்டி செல்வராணிக்குக் கூடப்பொறந்த தம்பி. தவமணின்னு பேரு. ஆண்டிபட்டில கம்ப்யூட்டர் கடை. எனக்குக் கல்யாணம் ஆகுறப்ப அவனுக்கு மூக்கு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு சார். மணவறைல எம் மடியில ஏறி உக்காந்துக்கிட்டு எறங்கவே மாட்டேன்னுட்டான். போட்டோவுல இன்னும் இருக்கு. அந்தப் பயதான் இன்னைக்கு எனக்குப் புத்தி சொல்றான்.

நான் புது மெஷின் போடணும்னு சொன்னேன். நாஞ் சொன்னது பச்சை. ஏன்? எங்க பக்கத்து ஸ்டுடியோக்காரய்ங்க அத்தனை பேரும் பச்சை. போட்டோகிராபர் சங்கத்துல தலைவர் பச்சை, செயலாளர் பச்சை. ஊரோட ஒத்து வாழணும்ல? இவன் என்ன சொல்றான், "மாமா, உங்க வேலைக்கு செவப்பே போதும். பச்சையும் நல்லதுதான், இதுவும் நல்லதுதான். பேருக்கு ஏன் கூடக் குடுக்கணும்"ங்கிறான். ரெண்டும் நல்லதுதானாம். நீங்களே சொல்லுங்க, ஒரு வியாபாரி பேசுற பேச்சா அது? ஒண்ணு நல்லதுன்னா இன்னொண்ணு கெட்டதாத்தான இருக்கணும்? ரெண்டு பக்கமும் பேசுறவனை நம்பக் கூடாது சார். நான் நம்புனேன். பொண்டாட்டி மொகத்துக்காக நம்புனேன்.

ஓடுச்சு. ஓடலைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆவணி முகூர்த்தம் பூராவும் ஓடுச்சு. தண்ணியா ஓடுச்சு. புதுசுல எந்தச் சனியன்தான் சார் ஓடாது? 

அப்புறம் ஆயுத பூசை வந்துச்சு. உங்க வீட்டுல பூசை உண்டுல்ல? எங்க ஸ்டுடியோவுல அது பெரிய பூசை. கேமரா, லைட்டு, ஸ்டாண்டு, கம்ப்யூட்டரு எல்லாத்தையும் கழட்டித் துடைச்சுப் பொட்டு வைப்போம். மத்ததை எவன் வேணா துடைக்கட்டும், கம்ப்யூட்டரை மட்டும் நாந்தான் துடைப்பேன். ஒரு வயரு விடாமப் புடுங்கி, பெட்டியைத் திருப்பிப் போட்டு, முன்னாடி சந்தனம், பின்னாடி சந்தனம், இருக்குற ஓட்டைக்கெல்லாம் ஒவ்வொரு பொட்டு. சோறு போடுற சாமி சார் அது. அதுல கஞ்சத்தனம் பாக்கலாமா?

விசயதசமி அன்னைக்கு நல்ல நேரம் பாத்து நானே திரும்ப மாட்டுனேன். டிவி வயரு, அதான் மானிட்டருக்குப் போற வயரு, பழையபடி கீழ இருந்த ஓட்டைல ஏறமாட்டேங்குது. சந்தனம் காஞ்சு கெட்டியாப் போச்சு. சாமிக்கு வச்சதைக் குச்சி விட்டுச் சுரண்டலாமா? அதெல்லாம் எங்க வீட்டுல வழக்கமில்ல. மேல அதே மாதிரி ஒரு ஓட்டை, அதுல சந்தனம் உள்ள எறங்கல, காலியா இருந்துச்சு. அதுல சொருகுனேன். ஜம்முனு படம் வந்துருச்சு. கும்பிட்டுட்டு வேலையை ஆரம்பிச்சேன்.

அன்னைக்குப் பிடிச்சுச்சு சார் ஏழரை. வீடியோவைத் தட்டிவிட்டா நகரமாட்டேங்குது. பொண்ணு தலையைக் குனிஞ்சா நிமிர நேரமாகுது. நாதஸ்வரம் முடிஞ்சப்புறம் மேளக்காரன் கை எந்திரிக்குது. ஐப்பசில ஒரு ரைஸ்மில் வீட்டுக் கல்யாணம். காலைல முகூர்த்தத்தை எடுத்து, சாயங்காலம் வரவேற்புல பெரிய திரையில போடணும். அப்படித்தான் பேச்சு. நானும் மண்டபத்துக்கே மெஷினைத் தூக்கிட்டுப் போயி, கழட்டுனபடியே திரும்ப மாட்டி, போட்டேன். மாப்பிள்ளை தாலியைத் தூக்குறான். தூக்குனபடியே நிக்கிறான். சனம் பூராவும் திரையைப் பாக்குது. கை எறங்கவே இல்ல. பின்னால ஒருத்தன் கத்துறான், "யோசிச்சுக் கட்டுறா மாப்ள"ன்னு. மண்டபமே சிரிக்குது. பொண்ணோட அப்பா எந்திரிச்சு எங்கிட்ட வந்தாரு. என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பாத்துட்டுப் போயிட்டாரு. அந்தப் பார்வைக்கு நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

போனைப் போட்டேன் தவமணிக்கு. வாயில வந்ததெல்லாம் வைதேன். அவன் எதுத்துப் பேசமாட்டான், அது ஒரு கள்ளத்தனம். வைதுமுடிச்சப்புறம் நிதானமாக் கேக்குறான். "மாமா, மானிட்டர் வயரு எங்க சொருகிருக்கு? பின்னாடி மேல நெட்டுக்க இருக்குற ஓட்டை மதர்போர்டோடது. கீழ படுக்க வசத்துல இருக்குறதுதான் கார்டோடது. வயரு கீழ இருக்கணும் மாமா. மேல இருந்தா படம் வரும், ஆனா கார்டு சும்மா உள்ள உக்காந்திருக்கும், வேலை பாக்காது."

எப்படி இருக்கு பாருங்க கதை! இவன் வித்தது சொத்தைக் கார்டு, குத்தம் எம் வயரு மேல. "டேய், வயரு எங்க சொருகுனா என்னடா, படம் வருதா இல்லியா?"ன்னேன். வருதுன்னு அவனே ஒத்துக்கிட்டான். அப்புறம் என்ன? "நான் வந்து ஒரு நிமிசம் பாத்துட்டுப் போறேன் மாமா"ங்கிறான். எம் மெஷின்ல கை வச்சா கையை ஒடிப்பேன்னு சொல்லிட்டேன். ஏன் சொல்றேன்னா, கழட்டுனது நான். துடைச்சது நான். மாட்டுனதும் நான். வேற ஒருத்தன் கை படல. அப்பத் தப்பு எங்க சார் இருக்கும்? கார்டுலதான இருக்கும்? இது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்.

கார்டை உருவி எடுத்துட்டேன். நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். கார்த்திகைல வந்துச்சு நேரம். சந்துக்குள்ள இருந்த கடையை மெயின் ரோட்டுக்கு மாத்துறான் தவமணி. திறப்பு விழா. பந்தல், பாட்டு, சாப்பாடு, சொந்தபந்தம் அம்புட்டும் வந்துருச்சு. நம்ம பக்கம் செய்முறைன்னா, அதான் சொந்தக்காரய்ங்க செய்யிற சீரு, உங்களுக்குத் தெரியும்ல? தாம்பாளத்துல வச்சு, மைக்குல பேரு சொல்லி, சபை பாக்கக் குடுக்கணும். வாங்குறவன் ரெண்டு கையாலயும் வாங்கணும், வேண்டாங்க முடியாது. நானும் தாம்பாளம் கொண்டுபோனேன். வெத்தலை, பாக்கு, பூ, தேங்காய், பழம். நடுவுல துணியைப் போத்தி செவப்புக் கார்டு.

மைக்கை நானே வாங்குனேன். "புதுக்கடை காணும் எம் மச்சினன் தவமணிக்கு, அவன் எனக்கு வித்த கார்டையே மாமன் செய்முறையாச் செய்யிறேன். இதை வாங்கித் திருஷ்டி சுத்திப் போட்டுட்டு, இனிமேலாவது நல்ல சரக்கு விக்கட்டும்"னேன். துணியை எடுத்தேன். பாட்டுப் போட்டவன் பாட்டை நிறுத்திட்டான் சார்.

தவமணி ரெண்டு கையாலயும்தான் வாங்குனான். வாங்கிக் கார்டோட ஓரத்தைத் திருப்பிப் பாத்தான். நகத்தால லேசாச் சுரண்டுனான். "மாமா, ஓட்டைக்குள்ள சந்தனம் அடைச்சிருக்கு"ன்னான், எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. நான் சபைக்கே கேக்குற மாதிரி சொன்னேன், "செய்முறைத் தட்டுன்னா சந்தனம் இருக்கத்தான்டா செய்யும்"னு. எல்லாரும் சிரிச்சாய்ங்க. அவன் சிரிக்கல. "சாப்பிட்டுப் போங்க மாமா"ன்னான். அங்க எவன் சாப்பிடுவான்? கையை உதறிட்டு வந்துட்டேன். அன்னைக்கு ஆர்டர் குடுக்க வந்தவய்ங்க ரெண்டு மூணு பேரு அப்படியே பின்வாங்கிட்டாய்ங்களாம். அதுல எனக்குச் சந்தோசம் ஒண்ணும் இல்ல சார். சரி, இருந்துச்சு. எனக்கு மண்டபத்துல இருந்த மாதிரிதான அவனுக்கும் இருக்கணும்?

செல்வராணி அன்னைக்கு எங்கூட வரல. தம்பி வீட்டுலயே இருந்துட்டு, எல்லாரும் போனப்புறம் பாத்திரமெல்லாம் கழுவிக் குடுத்துட்டுக் கடைசி பஸ்ஸுக்கு வந்தா. அன்னைலேருந்து எங்கிட்ட நேராப் பேச்சு கிடையாது. எல்லாம் மக வழியாத்தான். "உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு", "உங்கப்பாவைப் பாலு வாங்கியாரச் சொல்லு". ஒரு கார்டுக்காகப் புருசனை விட்டுக் குடுக்குறா. நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா எங்கயாச்சும்?

பச்சையா? வாங்குனேன், வாங்குனேன். மதுரைக்கே போய் வாங்கியாந்தேன். சொன்னா நம்பமாட்டீங்க, அதுவும் அதே லட்சணம். அதே நடை. மேளக்காரன் கை எந்திரிக்கவே மாட்டேங்குது. வித்தவனுக்குப் போனைப் போட்டு அவனையும் வைதேன். டூப்ளிகேட்டுடான்னேன். அவனும் வயரு எங்க இருக்குன்னு ஆரம்பிச்சான் சார்! எல்லாப் பயலும் ஒரே பள்ளிக்கூடம் போலருக்கு. போனை வச்சுட்டேன்.

ஆனா பாருங்க, பச்சை பச்சைதான். ஒருநா வெளியூர்ல ஒரு சடங்கு எடுத்துட்டு வரேன், எம் மக யோகலட்சுமி மெஷின் முன்னால உக்காந்திருக்கா. "அப்பா, ஓடுதுப்பா"ங்கிறா. தட்டிப் பாத்தா, தண்ணி சார். ஆத்துத் தண்ணி. மேளக்காரன் கை மேளத்துலயே இருக்கு. என்னம்மா பண்ணுனன்னு கேட்டேன். முட்டியெல்லாம் தூசி, காதுல போனு. "பின்னாடி தூசி துடைச்சேன்பா"ன்னா. பாத்தீங்களா? துடைச்சதுக்கே ஓடுது! செவப்பை நான் எம்புட்டுத் துடைச்சிருப்பேன், ஓடுச்சா? புதுக் காளை மாதிரி, பச்சை பழகுறதுக்குக் கொஞ்சம் நாளாகும். பழகிட்டா நிக்காது.

என்ன கேட்டீங்க? வயரா?

அது எங்க இருந்தா உங்களுக்கு என்ன சார்? அவ துடைக்கிறப்பக் கழட்டி மாத்திச் சொருகிருப்பா. பொம்பளப் பிள்ளைக்கு என்ன தெரியும். கீழதான் இருந்துச்சு, அதுக்கு என்ன இப்ப? காதுல போனு இருந்தா மாமன்கூடத்தான் பேசணுமா? அவளுக்குச் சிநேகிதப் பிள்ளைக இல்லியா? நீங்க என்ன சார், தவமணி ஆளா? ஆண்டிபட்டியா உங்களுக்கு? இல்லைல்ல? தேனிதான? அப்பப் பேசாம வாங்க.

பையில என்னன்னா கேக்குறீங்க? பழம், குங்குமம், பத்திரிகை. எம் மக யோகாவுக்குத் தை மாசம் கல்யாணம். குலசாமிக்கு வச்சாச்சு. அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்கு. அவனுக்கு வைக்காம வேற வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. அச்சடிச்ச கட்டு பூராவும் வீட்டுல பிரிக்காமக் கெடக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரய்ங்க என்னன்னா, "உங்க பக்கம் பத்திரிகையே வைக்கலையாமே, எதும் மனசு மாறிருச்சா"ன்னு ஆள் விட்டுக் கேக்குறாய்ங்க. செல்வராணி ஒரே சொல்லாச் சொல்லிட்டா, மக வழியாத்தான். "எந்தம்பி மாலை எடுத்துக் குடுக்காம எம் பிள்ளைக்குக் கல்யாணம் கிடையாதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு." சொல்ல வந்த மகளும் சொல்லிட்டு அங்கேயே நிக்கிறா. "எனக்கும் அப்படித்தான்பா. மாமா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மணவறைக்கு வருவேன். இல்லாட்டி வரலை"ங்கிறா. அவ அழுகவே இல்ல சார். அழுதிருந்தா ஒரு அதட்டு அதட்டிருப்பேன்.

போன வாரமும் இதே பையத் தூக்கிட்டு இதே பஸ்ஸுல வந்தேன். ஆண்டிபட்டில எறங்கி ஒரு டீயக் குடிச்சேன். அவன் தெரு முக்கு வரைக்கும் போனேன். திரும்பிட்டேன். வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லிட்டேன். பயமா? எனக்கென்ன பயம்? அங்க போய் உக்காந்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் சார். பாயை விரிப்பான். தண்ணி குடுப்பான். பத்திரிகையைக் கண்ணுல ஒத்திக்குவான். கேக்கமாட்டான். அதான் சார், கேக்கமாட்டான். "வயரை மாத்துனீங்களா மாமா"ன்னு கேட்டுட்டாக்கூட எதையாவது எடுத்து அடிச்சுட்டு வந்துரலாம். கேக்காம, சாப்பிட்டுப் போங்க மாமாம்பான். அந்த மொகத்தை எப்படி சார் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குறது?

இருங்க, போன். யோகாதான். "ஆங்... கணவாய் ஏறிருச்சும்மா... பக்கத்துலதான்... என்னது? யாரு சொன்னா? அவனை எதுக்கு அங்க வரச் சொன்ன?... சரி. சரி. வைய்யி."

பாத்தீங்களா வேலையை? தாயும் மகளும் சேந்துக்கிட்டு அவனை பஸ் ஸ்டாண்டுக்கே வரச் சொல்லிட்டாளுக. வீடு பூட்டிருக்குன்னு சொல்ல முடியாதுல்ல இனிமே. பெத்த அப்பனை நம்பல சார் அந்தப் பிள்ளை. நம்பல.

ஊரு வந்துருச்சு. ஆளு எறங்குது, எறங்கட்டும். சார், அந்தப் பக்கம் பாருங்க, டீக்கடைக்கு முன்னால, வண்டியைச் சாச்சு நிக்கிறான்ல, கட்டம் போட்ட சட்டை. அவன்தான். அந்தச் சட்டை போன வருசத் தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. இன்னைக்குப் பாத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறான் பாருங்க. ஒவ்வொரு சன்னலாப் பாத்துக்கிட்டு வரான். கொஞ்சம் இப்படிச் சாஞ்சு உக்காருங்க சார். இன்னும் கொஞ்சம். செருப்பைத் தேடுறேன், வேற ஒண்ணுமில்ல. கூப்பிடுறானா? "மாமா"ன்னா கூப்பிடுறான்? சத்தமாவா? நீங்க திரும்பாதீங்க. கையைக் காட்டாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

கண்டக்டரு விசிலடிச்சுட்டாரா? கெளம்பிருச்சா? பின்னாடியே வரானா? நின்னுட்டானா. சரி.

கண்டக்டரே, இங்கிட்டு தேனிக்கு ஒரு டிக்கெட்டு. ஆண்டிபட்டிதான் எடுத்திருந்தேன், கண்ணசந்துட்டேன்.

பாத்தீங்களா சார், மூஞ்சிக்கு நேரா இருக்குற ஆளையே அவனுக்குத் தெரியல. இவனெல்லாம் எனக்குக் கார்டு பாத்துக் குடுத்தவன். பையைக் கொஞ்சம் பிடிங்க. பழம் நசுங்கிருச்சு, குங்குமம் பத்திரிகை பூராவும் ஒட்டிருச்சு.

மறுபடி போன் அடிக்கிறா யோகா. சார், நீங்க எடுத்து ராங் நம்பருன்னு சொல்லிருங்களேன். வேண்டாம், வேண்டாம், உங்க குரல் கேட்டா பயந்துக்கிரும் பிள்ளை. அடிக்கட்டும். அடிச்சு ஓயட்டும்.

நீங்க பச்சையே வாங்குங்க சார். வயரை எங்க சொருகுனாலும் படம் வரும்.